உமிக் குழாய் எல்போ ஓட்டை: அலுமினா டைல் ஒட்டினால் நிற்குமா?

நெல்லடி (சாவகச்சேரி) | டிசம்பர் 19, இரவு 9:12

வணக்கம் உறவுகளே. சாவகச்சேரிக்குக் கிட்ட சின்ன நெல்லு மில் ஒன்று நடத்துகிறேன். அப்பா காலத்து மில், மெசின்கள் மட்டும் புதிது. என் தலையிடி உமிக் குழாய். காற்றால் உமியை ஊதித் தள்ளுகிற புளோவரிலிருந்து பின்வளவில் இருக்கிற உமிக் கொட்டிலுக்கு 8 அங்குலக் குழாய் போகிறது. வழியில் இரண்டு எல்போ, அதாவது குழாய் திரும்புகிற வளைவுத் துண்டு. இரண்டும் வெளிவளைவுப் பக்கம் தேய்ந்து ஓட்டை விழுகின்றன. 3 மில்லிமீற்றர் தகட்டில் செய்தவை. காலபோக நெல்லு அரைத்து முடிய முதலே உமி வெளியே தூவத் தொடங்கிவிடும்.

நேற்று ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளங்கை அளவு ஓட்டை. விளிம்பு சவர அலகு மாதிரி மெல்லிசாகிக் கண்ணாடி போல மினுங்குகிறது. கறள் ஒரு பொட்டும் இல்லை, உமி அவ்வளவு வடிவாகத் தீட்டி வைத்திருக்கிறது. விரலை வைத்துப் பார்த்த பெடியனுக்கு வெட்டுக் காயம். வெளியில் பார்த்தால் ஒட்டுக்கு மேல் ஒட்டு, தகட்டுக்கு மேல் தகடு. எத்தனை தரம் வெல்டிங் அடித்தோம் என்று எனக்கே கணக்கில்லை.

கனடாவில் இருக்கிற மச்சான் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். குழாய்க்குள் சின்னச் சின்ன வெள்ளை டைல் பதித்திருக்கிறது. அலுமினா பீங்கானாம், இரும்பை விடப் பல மடங்கு தேயாதாம். கொழும்பில் விசாரித்தால் 92, 95, 99 என்று மூன்று தரம் சொல்கிறார்கள். எது எடுப்பது? பீங்கான் என்றால் உடையாதா? தெரிந்தவர்கள் வடிவாக விளங்கப்படுத்துங்கள்.


கடைசல்பட்டறை (கொக்குவில்) | டிசம்பர் 19, இரவு 10:03

அண்ணை, 6 மில்லிமீற்றர் தகட்டில் அடித்துப் போடுங்கள். இரண்டு மடங்கு காலம் நிற்கும். இல்லாவிட்டால் உள்ளுக்குக் கடினப் பூச்சு வெல்டிங் குச்சியால் வரி வரியாக ஓட்டலாம், உழவு மெசின் கலப்பைக்குச் செய்வது போல. டைல் எல்லாம் எங்கட வேலைக்குச் சரிவருமா தெரியாது.


பாலைநிலம் (காரைநகர், இப்போது வளைகுடாவில்) | டிசம்பர் 20, காலை 5:41

நான் இங்கே ஒரு சிமெந்து ஆலையில் பராமரிப்புப் பகுதியில் 11 வருடமாக நிற்கிறேன். அலுமினா டைல் பதிப்பதும் கழன்றதைத் திருப்பி ஒட்டுவதும்தான் என் அன்றாட அலுவல். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உமி ஏன் இரும்பைத் தின்கிறது என்று பார்ப்போம். நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று உமி. அந்த உமியை எரித்தால் அதில் ஐந்தில் ஒன்று சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி உமியின் வெளித்தோலில் சின்னச் சின்ன முள்ளாக அடுக்கி வைத்திருக்கிறது. உமியைக் கையில் தேய்த்தால் சுரசுரவென்று இருப்பது அதுதான். விக்கர்ஸ் அளவில் சாதாரண இரும்பின் கடினம் 130 அளவில் வரும். உமியின் சிலிக்கா 500, 600. ஆற்றுமணலில் இருக்கிற குவார்ட்ஸ் 1100 வரை. ஆக, உங்கள் தகட்டுக்கு உமி ஒரு அரம்.

அடிக்கிற துகளை விடப் பரப்பு கடினமாக இருந்தால் தேய்மானம் சட்டென்று விழுந்துவிடும். மெதுவாகக் குறைவதில்லை, படி இறங்கினது போல விழும். துகள் பரப்பை விட 1.2 மடங்காவது கடினமாக இருந்தால்தான் வடிவாகக் கீறும் என்பது இந்தத் தொழிலில் ஒரு கணக்கு. 92 சதவீத அலுமினாவின் கடினம் 1000க்கு மேல். 99 சதவீதம் 1500ஐத் தாண்டும். உமிக்கு 92 காணும். மணலோ நிலக்கரிச் சாம்பலோ போகிற குழாய் என்றால் வேறு கதை. 99க்குக் காசு கொடுக்காதீர்கள்.

அடுத்தது கோணம். இதைக் கவனியாமல் டைல் பதித்துக் காசைக் கரியாக்கினவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரும்பு போன்ற இளகும் உலோகம் கூடத் தேய்வது துகள் சாய்வாக உரசிப் போகும்போது, 20, 30 பாகையில். துகள் சீவல் எடுப்பது போல எடுத்துக்கொண்டு போகும். நேரே 90 பாகையில் மோதினால் இரும்பு நெளிந்து கொடுத்துத் தப்பிவிடும். அலுமினா நேர்மாறு. சாய்வாக உரசினால் அதற்கு ஒன்றும் செய்யாது. நேரே மோதினால் நெளியத் தெரியாது, நுண்ணிய வெடிப்பு விழுந்து பொடிப் பொடியாக உதிரும். நீண்ட வளைவு எல்போவில் உமி வெளிச்சுவரில் சாய்வாகத்தான் படும். இரும்புக்குக் கூடாத அந்தக் கோணம்தான் அலுமினாவுக்கு நல்ல கோணம். உங்களுடைய எல்போ எவ்வளவு நீள வளைவு? குட்டையான எல்போ என்றால் முதலில் அதை மாற்றுங்கள்.


நெல்லடி | டிசம்பர் 20, காலை 8:30

ஐயோ அண்ணை, இவ்வளவு விளக்கத்துக்குப் பெரிய உபகாரம். எல்போ குட்டைதான். கடையில் வாங்கிய அளவு, வெளிவளைவு ஒரு அடியும் வராது. ஓட்டை விழுவது சரியாக வளைவு தொடங்கி ஒரு சாண் தள்ளி.


கடைசல்பட்டறை | டிசம்பர் 20, காலை 9:15

பாலைநிலம் அண்ணை சொன்ன கோணக் கதை எனக்குப் புதிது, ஆனால் கண்ணால் கண்டதோடு ஒத்துவருகிறது. மணல் அடிக்கிற குழாய் வாயை நேரே பிடித்தால் தகடு குழி விழும், சரித்துப் பிடித்தால் சீவிக்கொண்டு போகும்.

ஒரு கேள்வி. போன வருடம் ஒரு ஆள் பழைய அலுமினா டைல் கொஞ்சம் கொண்டுவந்து வெட்டித் தரச் சொன்னார். கை கிரைண்டரில் கல் டிஸ்க் போட்டு வெட்டப் பார்த்தேன். பொறி பறக்கிறது, டிஸ்க் கரைகிறது, டைலில் ஒரு கோடு மட்டும் விழுந்தது. லேத்தில் கார்பைட் அலகால் தொட்டேன், அலகு மொட்டை. எதனால்தான் இதை வெட்டுவது?


வடலியடி மாஸ்டர் (உடுப்பிட்டி) | டிசம்பர் 20, காலை 11:48

தம்பி, நீங்கள் வெட்டப்போன கல் டிஸ்க்கும் அலுமினாதான். கபில நிறத்தில் வருகிற உரோஞ்சு டிஸ்க்குகளில் இருப்பது உருக்கி எடுத்த அலுமினாத் துகள். தன்னைத் தானே எப்படி வெட்டும்? வைர டிஸ்க் வேண்டும், தண்ணீர் ஊற்றிக்கொண்டு வெட்ட வேண்டும். கடினத்தைக் காட்டுகிற மோவின் அளவுகோலில் வைரம் 10, அடுத்த படியில் 9இல் நிற்பது இந்தக் கனிமம்.

நான் இரசாயனவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். இந்தப் பொருளோடு எங்களுக்குப் பழைய உறவு உண்டு என்பதால் இரண்டு வார்த்தை. அலுமினா என்பது அலுமினியம் ஒட்சைட்டு, இரண்டு அலுமினிய அணுவுக்கு மூன்று ஒட்சிசன் அணு. இயற்கையில் பளிங்காகக் கிடைத்தால் அதன் பெயர் குருந்தம். ஆங்கிலத்தில் அதற்கு வழங்குகிற கொரண்டம் என்ற பெயர் நம்முடைய குருந்தம் என்ற சொல்லிலிருந்து போனது. இரும்பும் டைட்டேனியமும் இத்துனூண்டு கலந்தால் அதுவே நீலக்கல். குரோமியம் கலந்தால் சிவப்புக்கல். இரத்தினபுரியில் குழி தோண்டி எடுப்பதும் நெல்லடி தம்பி எல்போவில் ஒட்டப்போவதும் அடிப்படையில் ஒரே பொருள்.

இன்னொன்று, நெல்லடி. உங்கள் மில்லில் அரிசி தீட்டுகிற கல் இருக்கிறதல்லவா? எமரிக் கல் என்றால் அதிலும் இருப்பது குருந்தம்தான். உமியும் தவிடும் எத்தனை போகம் உரசினாலும் அந்தக் கல் எவ்வளவு காலம் நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். உங்களுக்கு வேண்டிய பொருள் ஏற்கெனவே உங்கள் மில்லுக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது.


நெல்லடி | டிசம்பர் 20, பகல் 12:20

மாஸ்டர், தீட்டுக் கல்லை இத்தனை வருடம் பார்த்தும் இப்படி ஒரு நாளும் யோசிக்கவில்லை.


கடலோரம் (மயிலிட்டி) | டிசம்பர் 20, மாலை 4:05

எல்லாம் சரி. ஆனால் இறக்குமதிச் சாமான் இல்லாமலே இந்த வேலையை முடிக்கலாம். எல்போவைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பக்கம் அடைத்த ரீ (T வடிவக் குழாய்) துண்டு போடுங்கள். நேரே வருகிற உமி அடைத்த பொந்துக்குள் போய் நிரம்பி நிற்கும். பின்னால் வருகிற உமி அந்த உமியில் மோதித் திரும்பும். உமிக்கு உமியே கவசம். செலவு ஒரு துண்டுக் குழாயும் ஒரு மூடித் தகடும்.


பாலைநிலம் | டிசம்பர் 21, காலை 5:50

கடலோரம் சொல்வது உண்மை. நாங்களும் பாவிக்கிறோம். புளோவருக்கு அமுக்கம் மிச்சம் இருந்தால் நல்ல வழி. இரண்டு குறை உண்டு. காற்று அந்த இடத்தில் சுழன்று வேகத்தை இழக்கும், பிறகு உமியைத் திருப்பி ஓடவைக்கக் கூடச் சக்தி வேண்டும். ஈர உமி வந்தால் பொந்துக்குள் கட்டியாகி மெல்ல மெல்ல வாய்க்கு வரும். நெல்லடி புழுங்கல் நெல்லு குத்துகிறவர் என்றால் யோசிக்க வேண்டும். புளோவரை ஒட்டிய முதல் வளைவுக்கு இதைப் போட்டு, தள்ளி இருக்கிற இரண்டாவதுக்கு டைல் போடலாம். இரண்டையும் பரீட்சித்துப் பார்த்ததாகவும் இருக்கும்.

எதைச் செய்ய முதலும் புளோவர் வேகத்தைப் பாருங்கள். தேய்மானம் வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை. வேகம் இரட்டித்தால் தேய்மானம் ஐந்து ஆறு மடங்காகும். அனேகமான மில்களில் அடைக்குமோ என்ற பயத்தில் கப்பியை மாற்றி வேகத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். உமி குழாயின் அடியில் படியாமல் ஓடுகிற அளவுக்குக் குறையுங்கள். இது காசில்லாத வைத்தியம்.


நெல்லடி | டிசம்பர் 21, இரவு 8:44

புழுங்கல்தான் அண்ணை. வேகக் கதையும் உண்மை. இரண்டு வருடத்துக்கு முதல் அடைத்ததென்று மோட்டார் கப்பியை ஒரு அளவு பெருப்பித்தது நான்தான். எல்போ கெதியாகப் போகத் தொடங்கினதும் அதற்குப் பிறகுதான். இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்க்கவில்லை.

அடுத்த கேள்வி: வீட்டுக்குப் பதிக்கிற தரை டைலை வெட்டி ஒட்டினால் என்ன? வீடு கட்டிய மிச்சம் இரண்டு பெட்டி கிடக்கிறது.


ஆய்வுகூடம் (கிளிநொச்சி, அறிவியல் நகர்) | டிசம்பர் 22, காலை 10:10

வணக்கம். நான் பொருள் விஞ்ஞானம் படித்தவள். தரை டைல் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் பீங்கான் என்ற ஒரே பெயரில் வேறு வேறு சாமான்கள் உலாவுகின்றன.

தரை டைல் களிமண்ணும் பெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் கலந்து சுட்டது. சூளையில் பெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி மற்றத் துகள்களைச் சேர்த்து ஒட்டுகிறது. கண்ணாடிப் பங்கு அதிகம் என்பதால் கடினம் உமிச் சிலிக்காவுக்குக் கிட்டத்தட்டச் சமம். மேலே இருக்கிற மினுக்கம் முழுக்கக் கண்ணாடி, அதுதான் முதலில் போகும். சும்மா இரும்பை விடக் கொஞ்சக் காலம் கூட நிற்கலாம், ஆனால் பாலைநிலம் அண்ணா சொன்ன அந்தப் படி இறக்கம் கிடைக்காது.

அலுமினா டைலில் களிமண் கணக்கில்லை. பொக்சைட் தாதுவிலிருந்து எரிசோடாவால் கரைத்துப் பிரித்தெடுத்த அலுமினாத் தூள்தான் மூலப்பொருள். 1888இல் கார்ல் ஜோசப் பேயர் கண்டுபிடித்த முறை இன்றும் அதே அடிப்படையில் நடக்கிறது. அந்தத் தூளை மாப் போல மென்மையாக அரைத்து, அச்சில் அழுத்தி, 1500 முதல் 1700 பாகை செல்சியஸில் சுடுவார்கள். உருகாது. அலுமினா உருக 2050 பாகைக்கு மேல் வேண்டும். துகளும் துகளும் தொட்ட இடத்தில் ஒன்றோடொன்று இணைந்து, இடையில் இருந்த வெளி மூடிக்கொண்டு வரும். அப்போது ஒவ்வொரு பக்கமும் ஆறில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும். 92, 95 என்பதில் மிச்சமாக இருக்கிற பங்கு, குறைந்த வெப்பத்தில் சுடுவதற்காகச் சேர்க்கிற சிலிக்கா, சுண்ணாம்பு, மக்னீசியா. அவை துகள்களுக்கு இடையே மெல்லிய கண்ணாடிப் படலமாக நிற்கும். தூய்மை கூடக் கூட அந்தப் படலம் குறைகிறது, கடினம் கூடுகிறது, சூளைச் செலவும் கூடுகிறது.

வாங்கும்போது தூய்மை எண்ணை மட்டும் கேளாதீர்கள், அடர்த்தியைக் கேளுங்கள். 92 சதவீத டைல் என்றால் கன சென்ரிமீற்றருக்கு 3.6 கிராம் அளவில் இருக்க வேண்டும். வீட்டிலேயே பார்க்கலாம். டைலை நகைக்கடைத் தராசில் காற்றில் நிறுங்கள், பிறகு நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுங்கள். காற்று நிறையை இரண்டுக்குமான வித்தியாசத்தால் பிரித்தால் அடர்த்தி வரும். 3.4க்குக் கீழே என்றால் உள்ளே துளை இருக்கிறது, எந்தத் தூய்மை எழுதியிருந்தாலும் வேண்டாம். இன்னொரு சோதனை: டைலின் அடியில், மெருகில்லாத பக்கம், ஒரு சொட்டு மை விட்டுத் துடைத்துப் பாருங்கள். கறை உள்ளே இறங்கினால் சரியாகச் சுடவில்லை.


செம்மண்தோட்டம் (நீர்வேலி) | டிசம்பர் 22, மாலை 6:32

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். வெள்ளைப் பீங்கான் என்று வாசித்ததும் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. தோட்டத்துக் கிணற்று மோட்டாரில் தண்ணீர் ஒழுகுகிறதென்று கழற்றினால் உள்ளே ஒரு வெள்ளை வளையம் இரண்டாக வெடித்திருக்கிறது. வாழைக்கு இறைக்கிற நேரம். ஒரு வருடத்தில் மூன்றாவது வளையம். அதுவும் இந்த அலுமினாதானா? தேயாத சாமான் என்றால் எனக்கு மட்டும் ஏன் வெடிக்கிறது?


ஆய்வுகூடம் | டிசம்பர் 22, இரவு 9:00

ஐயா, அதுவும் அலுமினாதான். மோட்டாரின் மெக்கானிக்கல் சீல். வெள்ளை வளையம் ஒரு றப்பர்க் கிண்ணத்துக்குள் அசையாமல் இருக்கும். எதிரே கறுப்புக் கார்பன் வளையம் சுருளியால் அழுத்தப்பட்டுச் சுழலும். இரண்டுக்கும் நடுவில் தலைமயிரை விட மிக மெல்லிய தண்ணீர்ப் படலம். அந்தப் படலம்தான் மசகு, அதுதான் குளிரூட்டி.

உங்கள் வளையம் தேய்ந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்பதில்தான் பதில் இருக்கிறது. வெடிப்பு என்றால் காரணம் அனேகமாகத் தண்ணீரில்லாமல் ஓடியது. புட் வால்வு ஒழுகிக் குழாயில் தண்ணீர் இறங்கியிருந்தாலோ, கோடையில் கிணற்று மட்டம் கீழே போனாலோ மோட்டார் வெறுமனே சுற்றும். உரசலில் வளையம் சில நிமிடத்தில் நன்றாகச் சூடாகிவிடும். நீங்கள் ஓடிவந்து தண்ணீர் ஊற்றுவீர்கள். சட்டென்று ஏறத்தாழ 200 பாகை இறங்கினால் அலுமினா தாங்காது. மேற்பரப்பு சுருங்கப் பார்க்கும், உள்ளே சூடு விடாது, இழுவையில் வெடிக்கும். சூடான கண்ணாடிக் குவளையில் பச்சைத் தண்ணீர் விட்டது போல.

நசுக்கினால் 2000 மெகாபாஸ்கலுக்கு மேல் தாங்குகிற பொருள் இது. வளைத்தாலோ இழுத்தாலோ 300 அளவில் முறிந்துவிடும். ஒரு கீறல் தொடங்கிவிட்டால் அதைத் தடுக்கிற சக்தி இரும்பில் இருப்பதில் இருபதில் ஒரு பங்கும் இல்லை. அதனால் ஐயா, முதலில் புட் வால்வைச் சரிபாருங்கள். தண்ணீரின்றி ஓடிவிட்டால் மோட்டாரை நிறுத்தி அரை மணித்தியாலம் ஆறவிட்ட பிறகு தண்ணீர் நிரப்புங்கள். புது வளையம் போடும்போது சுத்தியலால் தட்ட வேண்டாம், சவர்க்காரத் தண்ணீர் தடவி விரலால் நேராக அழுத்துங்கள். உரசுகிற முகத்தை விரலால் தொடாதீர்கள்.


செம்மண்தோட்டம் | டிசம்பர் 23, காலை 6:15

பிள்ளை, சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. ஒவ்வொரு தரமும் நான்தான் ஓடிப்போய் வாளித் தண்ணீர் ஊற்றினேன். புட் வால்வின் தோல் கிழிந்து கிடக்கிறது, இன்றைக்கே மாற்றுகிறேன்.


கடலோரம் | டிசம்பர் 23, காலை 7:40

அப்படியென்றால் வீட்டில் கால்வாசி திருப்பினால் திறக்கிற பைப்பிலும் இதே சாமான்தானா? எங்கள் வீட்டில் அது இறுகிப்போய்க் கிடக்கிறது.


வடலியடி மாஸ்டர் | டிசம்பர் 23, காலை 9:02

ஓம், அதற்குள் இரண்டு அலுமினாத் தட்டு, முகத்தோடு முகம் ஒட்டி. இறுகுவது தட்டின் குற்றமில்லை, எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு. கழற்றி வினாகிரியில் ஒரு இரவு ஊறவிடுங்கள். சுண்ணாம்பு கரைந்து போகும், அலுமினாவை வினாகிரி ஒன்றும் செய்யாது. மோட்டார் சைக்கிள் பிளக்கின் வெள்ளைத் தண்டும் இதுதான், அங்கே மின்சாரத்தைக் கடத்தாத குணத்துக்காக. 1970இல் பிரான்சில் பியர் புத்தான் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இடுப்பு மூட்டுக்கு இதில் பந்தும் கிண்ணமும் வைத்தார். உடம்புக்குள் துருப்பிடிக்காது, உரசித் தேயாது என்ற நம்பிக்கையில்.


பாலைநிலம் | டிசம்பர் 23, மாலை 3:30

நெல்லடி, உங்கள் வேலைக்கு வருவோம். வட்டக் குழாய் எல்போவுக்குள் கையை விட்டு டைல் ஒட்டுவது பழகாத ஆளுக்கு ஏலாது. சதுர வாய் வளைவு ஒன்று செய்யுங்கள். இரண்டு பக்கமும் தட்டைத் தகடு. வெளிவளைவுத் தகட்டை மட்டும் தனியாக உருட்டி, நட்டு போல்ட்டால் பூட்டுகிற மாதிரி. வளைவின் ஆரம் குழாய் அகலத்தைப் போல நான்கு ஐந்து மடங்கு இருக்கட்டும். கழற்றி மேசையில் வைத்து டைல் ஒட்டலாம், தேய்ந்தால் அந்த ஒரு தகட்டை மட்டும் கழற்றிப் பார்க்கலாம்.

டைல் 20க்கு 20, தடிப்பு 6 மில்லிமீற்றர் போதும். சீலையில் ஒட்டிய தாளாக வரும். பெரிய டைல் வளைவில் உட்காராது, ஒன்று உடைந்தாலும் பெரிய இடம் போகும். செங்கல் கட்டுவது போல வரிசைக்கு வரிசை மூட்டை மாற்றி வையுங்கள். உமி ஓடுகிற திசையில் மூட்டு நேர்கோடாக வந்தால் அந்தக் கோடு வழியே பசையை அரித்துக்கொண்டு போகும்.

ஒட்டுகிற பரப்புத்தான் உயிர். கழன்ற டைல்களில் பத்தில் ஒன்பது டைலின் பிழையில்லை, அடியில் இருந்த கறளின் பிழை. மணலடித்து, அல்லது கிரைண்டரால் வெள்ளி போல வரும்வரை உரோஞ்சி, அசிற்றோன் தோய்த்த துணியால் துடைத்து, அன்றைக்கே ஒட்டுங்கள். கடற்காற்று அடிக்கிற ஊர். காலையில் உரோஞ்சி விட்டுவிட்டு மத்தியானம் சாப்பிட்டு வந்தால் கறள் பூத்திருக்கும். எபொக்சிப் பசையின் இரண்டு பங்கையும் நிறம் ஒன்றாகும்வரை குழையுங்கள். டைலை வைத்து அழுத்தும்போது நான்கு பக்கமும் பசை பிதுங்க வேண்டும். பிதுங்காவிட்டால் அடியில் காற்று.

காய்ந்த பிறகு ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைலாகத் தட்டிக் கேளுங்கள். நன்றாக ஒட்டியது தகட்டின் சத்தம் தரும். வெறுமை உள்ளது டொக்கென்று சொல்லும், அதை அன்றே பெயர்த்துத் திருப்பி ஒட்டுங்கள்.

கொதிகலன் சாம்பல் குழாய்க்கும் இதைச் செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சூடாக உள்ள இடத்துக்கு இப்படி ஒட்டாதீர்கள். சாதாரண எபொக்சியை 100 பாகைக்கு மேல் நம்ப ஏலாது. இரும்பு சூட்டில் விரிகிற அளவில் மூன்றில் இரண்டு பங்குதான் அலுமினா விரியும், பசை இளகிய நேரம் பார்த்து டைல் பெயரும். அங்கே நடுவில் துளை உள்ள டைல் உண்டு. துளைக்குள் இரும்புக் கூம்பு வைத்துத் தகட்டோடு வெல்டிங் அடித்து மேலே ஒரு பீங்கான் மூடி போடுவார்கள். கல்லுக் கட்டி நேரே விழுகிற இடத்துக்கு அலுமினாவை றப்பருக்குள் பதித்து வார்த்த தகடு உண்டு. றப்பர் அடியை வாங்கும், அலுமினா உரசலை வாங்கும். உங்களுக்கு இரண்டும் தேவையில்லை.


கடைசல்பட்டறை | டிசம்பர் 23, இரவு 7:20

நெல்லடி அண்ணை, சதுர வளைவை நான் செய்து தருகிறேன். தகடு உருட்டுகிற மெசின் பக்கத்துப் பட்டறையில் இருக்கிறது. டைல் ஒட்டும்போது கூட நிற்க ஆசை. வைர டிஸ்க்கும் வாங்கிவிட்டேன்.


நெல்லடி | ஜனவரி 11, இரவு 8:05

சின்ன அறிக்கை. டைல் கொழும்பிலிருந்து வந்தது. ஆய்வுகூடம் தங்கச்சி சொன்னபடி மூன்றை நிறுத்துப் பார்த்தேன், அடர்த்தி: 3.61, 3.62, 3.60. மை இறங்கவில்லை. நேற்றுக் கடைசல்பட்டறைத் தம்பியும் நானும் கொக்குவிலில் வைத்து ஒட்டினோம். நாணயத்தால் தட்டியதில் ஐந்து டைல் டொக்கென்றது, பெயர்த்துத் திருப்பி ஒட்டினோம். முதல் வளைவுக்குக் கடலோரம் அண்ணையின் அடைத்த ரீ போட்டாயிற்று. கப்பியைப் பழைய அளவுக்கு இறக்கியாயிற்று. உமி அடைக்கவில்லை.


நெல்லடி | ஏப்ரல் 27, மாலை 5:30

காலபோக நெல்லு முழுக்க அரைத்து முடிந்தது. இன்றைக்கு டைல் ஒட்டிய வெளிவளைவுத் தகட்டைக் கழற்றினேன். படம் பிறகு ஏற்றுகிறேன், இப்போது எழுத்தில் சொல்கிறேன்.

டைலின் முகத்தில் அச்சில் அழுத்தும்போது விழுந்த சன்னமான புள்ளிகள் இருந்தன, ஒட்டும்போது கவனித்திருந்தேன். அந்தப் புள்ளிகள் அப்படியே இருக்கின்றன. உமித் தூசி மெல்லிய மஞ்சளாகப் படிந்திருக்கிறது, துணியால் துடைத்தால் கீழே புது வெள்ளை. வேர்னியரில் 6 மில்லிமீற்றர் அப்படியே நிற்கிறது. முன்பு என்றால் இந்த நேரத்துக்கு ஒரு எல்போ மாற்றி இரண்டாவதுக்கும் ஒட்டுப் போட்டிருப்போம்.

இரண்டு குறை கண்டேன். உமி உள்ளே வருகிற பக்கம் முதல் வரிசையில் இரண்டு டைல் இல்லை. டைலின் 6 மில்லிமீற்றர் விளிம்பு படி போல உமிக்கு நேரே நின்றிருக்கிறது. மற்றது, டைல் முடிந்து வெறும் இரும்பு தொடங்குகிற இடத்தில், வளைவு தாண்டி ஒரு சாண் தூரம், தகடு பள்ளமாக மினுங்கத் தொடங்கியிருக்கிறது. அடைத்த ரீ நன்றாக வேலை செய்தது, ஆனால் மாசியில் ஈர உமி வந்த இரண்டு நாள் பொந்தைத் திறந்து சுரண்ட வேண்டி வந்தது.


பாலைநிலம் | ஏப்ரல் 28, காலை 5:45

அருமை. இரண்டு குறைக்கும் மருந்து இருக்கிறது. முன் விளிம்பு 90 பாகையில் அடி வாங்கியிருக்கிறது, அலுமினாவுக்கு ஆகாத கோணம். முதல் வரிசைக்கு முன்னால் டைல் உயரத்துக்கு ஒரு இரும்புப் பட்டியை வெல்டிங் அடித்து, உமி வருகிற பக்கம் சாய்வாக உரோஞ்சி விடுங்கள். உமி ஏறி டைல் மேல் வழுக்கிப் போகட்டும். பின்பக்கம், வளைவில் திரும்பிய உமி சுவரோடு ஒட்டிக் கொஞ்சத் தூரம் ஓடித்தான் பரவும். அதனால் நேர்க் குழாயிலும் இரண்டு அடிக்கு டைல் நீள வேண்டும். இதை நான் டிசம்பரிலேயே சொல்லியிருக்க வேண்டும்.


கடைசல்பட்டறை | ஏப்ரல் 28, காலை 8:10

மிச்ச டைலில் இரண்டு தாள் என் பட்டறையில் இருக்கிறது அண்ணை, இரண்டு அடிக்குக் காணும். தகட்டைச் சனிக்கிழமை காலையில் கொண்டு வாருங்கள். கிளிநொச்சியிலிருந்தும் ஒரு மில்லுக்காரர் இதே வளைவுக்கு அளவு கேட்டிருக்கிறார். உங்களுடைய அளவைக் கொடுக்கலாமா?


நெல்லடி | ஏப்ரல் 28, காலை 8:31

தாராளமாகக் கொடுங்கள். அவருடைய குழாய் எத்தனை அங்குலம் என்று முதலில் கேளுங்கள், புளோவர் கப்பி அளவையும் சேர்த்து. சனிக்கிழமை எட்டு மணிக்கு நிற்பேன்.